டிசைனரை வேலைக்கு எடுத்துட்டா டிசைன் வந்துடுமா? கஸ்டமர் பக்கத்துல உட்கார்ந்து, எல்லாரும் சேர்ந்து வேலை பண்றதுன்னா என்னன்னு கொஞ்சம் பேசுவோம்

ஒரு மெடிக்கல் ஷாப் கவுண்டருக்குப் பக்கத்துல நின்னு, உள்ள இருந்த பையன் 0.27னு டைப் பண்றதைப் பார்த்த அன்னைக்குத்தான் எனக்கு இந்த விஷயம் உருப்படியா புரிஞ்சுது. அதுக்கு முன்னாடி நாலு வருஷமா டிசைனர்ங்கிற பேர்லதான் சம்பளம் வாங்கிட்டு இருந்தேன், அது வேற கதை.

நான் அப்போ இருந்தது மருந்துக்கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பண்ற ஒரு சின்ன கம்பெனி. ஸ்டாக் கணக்கு ஒத்துப்போகலைன்னு கடைகள்ல இருந்து போன் வந்துட்டே இருக்கும். சப்போர்ட்ல இருக்கிறவங்க "ஸ்டாக் அட்ஜஸ்ட்மென்ட் போட்டுக்கோங்க சார்"னு சொல்லி சொல்லி அவங்களுக்கே அது மனப்பாடம் ஆகிடுச்சு. டெவலப்பர் கிட்ட டிக்கெட்டா, அதாவது புகார்ப் பதிவா போனா, இங்க செக் பண்ணா கணக்கு சரியாத்தான் வருதுன்னு எழுதி மூடிடுவாரு. என் கிட்ட வந்தப்போ நான் அந்த ஸ்டாக் ஸ்கிரீனை அழகாக்கி, கம்மியா இருக்கிற மருந்துக்கு சிவப்பு கலர், போதுமான அளவு இருந்தா பச்சைன்னு போட்டுக் கொடுத்தேன், மீட்டிங்ல எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னாங்க, கை கூட தட்டினாங்க. போன் மட்டும் நிக்கலை.

அப்புறம் ஒருநாள் சும்மா நேர்ல போய் பார்ப்போமேன்னு நானும் அந்த டெவலப்பரும் ஒரு கடைக்குப் போனோம். சாயந்திரம் 7 மணி, டாக்டர் கிளினிக் விட்டு வர்ற கூட்டம். ஒரு அம்மா சீட்டை நீட்டி "நாலு மாத்திரை மட்டும் குடுப்பா"ன்னு கேட்டாங்க. பையன் 15 மாத்திரை அட்டையில இருந்து நாலை கத்தரிச்சான். எங்க சாஃப்ட்வேர்ல அட்டைக் கணக்குதான், ஒரு அட்டை, ரெண்டு அட்டை, அவ்வளவுதான். அதனால அவன் பக்கத்துல இருந்த கால்குலேட்டர்ல 4ஐ 15ஆல வகுத்து 0.27னு அடிச்சான். 0.27ஐ திரும்ப 15ஆல பெருக்கினா 4.05 மாத்திரை. இந்த மாதிரி ஒவ்வொரு பில்லுக்கும் இல்லாத ஒரு துணுக்கு மாத்திரையை கம்ப்யூட்டர் கழிச்சுக்குது, ஒரு நாளைக்கு 200 பில், மாசக் கடைசியில கணக்கு எங்க போய் நிக்கும்னு நீங்களே பார்த்துக்கோங்க. விலையிலயும் சில பைசா எக்ஸ்ட்ரா ஏறுது. 10 மாத்திரை அட்டையா இருந்தா 0.4, பிரச்சனையே வராது, ஆபீஸ்ல நாங்க டெஸ்ட் பண்ணது எல்லாமே 10 மாத்திரை அட்டை. பக்கத்துல ஒரு நீளமான நோட்டு வேற வெச்சிருந்தான், உதிரி மாத்திரை கணக்கு முழுக்க அதுலதான் ஓடுது. கம்ப்யூட்டர் பில் அடிக்க மட்டும்.

டெவலப்பர் என்னைப் பார்த்தாரு, நான் அவரைப் பார்த்தேன். உதிரி மாத்திரைக்கு தனியா ஒரு கட்டம் வெச்சு ரெண்டு நாள்ல சரி பண்ணிட்டாரு. அதுக்கு முன்னாடி அந்தப் புகார் எட்டு மாசமா சுத்திட்டு இருந்துச்சு.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, விஷயம் எங்க கம்பெனிக்குள்ள யாருக்குமே தெரியாம இல்லை. கடைக்காரங்க நோட்டு போடுறாங்கன்னு சேல்ஸ் அண்ணனுக்குத் தெரியும், அவர் தினமும் பார்க்கிறாரு. மாசக் கடைசியிலதான் போன் அதிகம்னு சப்போர்ட்டுக்குத் தெரியும். தசம கணக்கு ரவுண்ட் ஆகும்னு டெவலப்பருக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு துண்டு கையில வெச்சிருந்தாங்க, மூணு துண்டையும் ஒரே மேசையில வைக்கத்தான் ஆள் இல்லை. கஸ்டமரை நடுவுல வெச்ச டிசைன், கூட்டா பண்ற டிசைன்னு பெரிய பெரிய பேர்ல சொல்றாங்களே, அதோட அடிப்படை இவ்வளவுதான்: கஸ்டமர் வேலை பண்ற இடத்தை வேற வேற டிபார்ட்மென்ட் ஆளுங்க ஒண்ணா போய் பார்க்கிறது, பார்த்ததை வெச்சு ஒண்ணா முடிவெடுக்கிறது, அதை ஒரு தடவையோட விடாம பழக்கமாக்கிக்கிறது. கடைசியா சொன்னதுதான் கஷ்டம். இதை டிசைன் பிராக்டிஸ்னு சொல்றாங்க, பிராக்டிஸ்னா நம்ம ஊர்ல டாக்டர் பிராக்டிஸ் பண்றாருன்னு சொல்வோம்ல, அந்த அர்த்தம்தான் இதுக்குக் கிட்ட வருது. தினமும் உட்கார்ந்து நோயாளியைப் பார்க்கணும், போர்டு மாட்டினா மட்டும் பிராக்டிஸ் ஆகிடாது.

டாக்டர்னு சொன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. கஸ்டமர் கேட்டதை எல்லாம் செஞ்சு கொடுக்கிறதுதான் கஸ்டமரை நடுவுல வைக்கிறதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. கிளினிக்ல வந்து "டாக்டர் ஒரு ஊசி போட்டு விட்டுடுங்க"ன்னு கேட்கிற ஆளு எல்லா ஊர்லயும் உண்டு. நல்ல டாக்டர் உடனே ஊசி எடுக்க மாட்டாரு, எங்க வலிக்குது, எப்போ இருந்து, என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்பாரு. சாஃப்ட்வேர்லயும் கஸ்டமர் வந்து "எனக்கு ஒரு ரிப்போர்ட் வேணும்"னு கேட்பாரு, அது ஊசி கேட்கிற மாதிரிதான். அந்த ரிப்போர்ட்டை எடுத்து என்ன பண்ணப் போறாரு, இப்போ அது இல்லாம எப்படி சமாளிக்கிறாருன்னு தெரிஞ்சாத்தான் வைத்தியம் பார்க்க முடியும். எங்க கடைக்காரங்க யாருமே உதிரி மாத்திரைக்கு தனியா ஒரு கட்டம் வேணும்னு கேட்கவே இல்லைங்கிறதையும் இங்க சேர்த்துக்கோங்க. அவங்க கேட்டது வேகமான பிரின்டர்.

இந்த விஷயத்தை ஒரு கம்பெனி எப்படி பழக்கமாக்கிச்சு, நடுவுல எப்படி கோட்டை விட்டுச்சு, அப்புறம் எப்படி திரும்பப் பிடிச்சுச்சுன்னு பார்க்கணும்னா எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம் அமெரிக்காவுல கலிஃபோர்னியாவுல இருக்கிற இன்ட்யூட். இவங்களும் கணக்கு சாஃப்ட்வேர்காரங்கதான், அதனால எனக்கு கொஞ்சம் சொந்தக்காரங்க மாதிரி. 1983ல ஸ்காட் குக்னு ஒருத்தர், அவர் மனைவி வீட்டு பில் எல்லாம் கையால எழுதி செக் போட்டு அலுத்துக்கிறதைப் பார்த்து, இதுக்கு ஒரு சாஃப்ட்வேர் பண்ணலாமேன்னு ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டி மாணவர் ஒருத்தரைச் சேர்த்துக்கிட்டு ஆரம்பிச்சது. குவிக்கன்னு பேரு. அந்த ஸ்கிரீன் பார்க்கிறதுக்கு அச்சு அசல் செக் புக் மாதிரியே இருக்கும், ஏன்னா அவங்க கஸ்டமருக்கு தெரிஞ்ச பொருள் அதுதான். வெளியில விடுறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர் தொட்டுப் பழகாத ஆட்களைக் கூட்டிட்டு வந்து உட்கார வெச்சு, எவ்வளவு நேரத்துல ஒரு செக் அடிக்கிறாங்கன்னு ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பார்த்தாங்க. 1980கள்ல இதைப் பண்ணவங்க ரொம்பக் கம்மி.

அப்புறம் அவங்க ஒரு வேலை பண்ணாங்க, அதுக்கு ஃபாலோ மீ ஹோம்னு பேரு. கடையில போய் நிப்பாங்க, யாராவது குவிக்கன் டப்பாவை வாங்கினா கிட்டப் போய், உங்க வீட்டுக்கு வரலாமா, நீங்க இதைப் போட்டு ஓட்டுறதைப் பார்க்கணும்னு கேட்பாங்க. சரின்னு சொன்னா பின்னாடியே போயிடுவாங்க. போய் சொல்லிக் கொடுக்கிறது கிடையாது, உதவி பண்றதும் கிடையாது, ஓரமா உட்கார்ந்து எங்க முழிக்கிறாங்க, எங்க பெருமூச்சு விடுறாங்க, டப்பாவுல இருந்த எந்தப் பேப்பரைத் தூக்கிப் போடுறாங்கன்னு பார்க்கிறது மட்டும்தான். கேட்க சுலபமா இருக்கு, பண்ணிப் பாருங்க, நம்ம கட்டினதுல ஒருத்தர் மாட்டிக்கிட்டு தவிக்கும்போது வாயை மூடிட்டு உட்கார்றது இருக்கே, அது ஒரு தவம். நான் முதல் தடவை போனப்போ மூணு நிமிஷத்துல "அண்ணே எஃப்4 அழுத்துங்க"ன்னு சொல்லிட்டேன், அதோட அன்னைக்குக் கத்துக்க வேண்டியது முடிஞ்சு போச்சு.

இன்ட்யூட்டுக்கு இந்தப் பழக்கத்தால கிடைச்ச பெரிய லாபம் ஒரு ஆச்சரியத்துல இருந்து வந்துச்சு. வீட்டுக் கணக்குக்குப் பண்ண குவிக்கனை நிறைய பேர் ஆபீஸ்ல, கடையில யூஸ் பண்றோம்னு சர்வேயில சொன்னாங்க. முதல்ல இதை நம்பாம, கண்டுக்காமத்தான் விட்டாங்க, நம்ம சாஃப்ட்வேர் வீட்டுக்குத்தானே, எதையாவது தப்பா நிரப்பியிருப்பாங்கன்னு. அப்புறம் போய்ப் பார்த்தா விஷயம் என்னன்னா, சின்ன வியாபாரிங்களுக்கு மார்க்கெட்ல இருந்த கணக்கு சாஃப்ட்வேர் எல்லாம் டெபிட், கிரெடிட், லெட்ஜர்னு அக்கவுன்டன்ட் பாஷையில பேசுது, அவங்களுக்கு அது புரியவே இல்லை, புரிய வேண்டிய அவசியமும் இல்லை, பணம் வரணும், போகணும், இன்வாய்ஸ் அடிக்கணும். அந்த பாஷையை வெளியில தெரியாம மறைச்சு 1992ல குவிக்புக்ஸ்னு ஒண்ணு விட்டாங்க, அதுதான் பின்னாடி அந்தக் கம்பெனியோட முதுகெலும்பா ஆச்சு. சர்வே பேப்பர்ல ஒரு வித்தியாசமான டிக் மார்க், அதைத் துரத்திட்டுப் போனதுல பிறந்த பொருள்.

சரி, இவ்வளவு நல்ல பழக்கம் இருந்த கம்பெனியே வளர வளர மங்க ஆரம்பிச்சுது. ஆள் கூடிச்சு, டிபார்ட்மென்ட் கூடிச்சு, 2000கள் நடுவுல பார்த்தா கஸ்டமருங்க இந்த சாஃப்ட்வேரை வாங்குப்பான்னு அடுத்தவங்களுக்கு சிபாரிசு பண்ற அளவு ஏறாம அப்படியே நிக்குது. குக்குக்கு கவலை வந்துடுச்சு. 2007ல பெரிய மேனேஜருங்க 300 பேரை வெச்சு ரெண்டு நாள் கூட்டம் போட்டு, டிசைன் எவ்வளவு முக்கியம்னு அவரே அஞ்சு மணி நேரம் பவர்பாயின்ட் போட்டுப் பேசினாரு. நிறுவனரே அஞ்சு மணி நேரம் பேசினா எல்லாரும் மரியாதையா கேட்டு கை தட்டத்தான செய்வாங்க, தட்டினாங்க. அவருக்கப்புறம் ஸ்டான்ஃபோர்ட்ல இருந்து வந்த ஒருத்தருக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருந்தாங்க. அவர் பத்து நிமிஷம் பேசிட்டு, மீதி நேரம் முழுக்க எல்லாரையும் கையில ஏதோ ஒண்ணு செய்ய வெச்சு, அதை அடுத்தவங்க கிட்ட காட்டச் சொல்லி, அவங்க சொன்னதைக் கேட்டுத் திருத்தச் சொன்னாரு. கூட்டம் முடிஞ்சு என்ன கத்துக்கிட்டீங்கன்னு கேட்டப்போ, மேனேஜருங்க சொன்ன பாடத்துல மூணுல ரெண்டு பங்கு அந்த ஒரு மணி நேரத்துல இருந்து வந்ததுதான்.

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்சது குக் இதை மறைக்காம ஒத்துக்கிட்டதுதான். அதுல இருந்து அவங்க எடுத்த முடிவு, இதை பிரசங்கம் பண்ணி பரப்ப முடியாது, பண்ண வெச்சுத்தான் பரப்ப முடியும். கேரன் ஹேன்சன்னு ஒரு டிசைன் டைரக்டர் கிட்ட பொறுப்பு போச்சு. அவங்க புதுசா பெரிய டிபார்ட்மென்ட் எதுவும் கட்டலை. கம்பெனிக்குள்ளயே இருந்த ஒன்பது பேரைப் பிடிச்சாங்க, டிசைன், ரிசர்ச், ப்ராடக்ட்னு கலவையா. அவங்களுக்கு இன்னொவேஷன் கேட்டலிஸ்ட்னு பேரு. சொந்த வேலையை விட வேண்டாம், நேரத்துல கால்வாசியை மட்டும் மத்த டீமுங்களுக்குக் கைகொடுக்க ஒதுக்கணும். மேனேஜர் ஒருத்தர் கிட்ட ஒரு ஐடியா இருக்குன்னு வெச்சுக்கோங்க, இந்த கேட்டலிஸ்ட் வந்து அந்த ஐடியா நல்லதா கெட்டதான்னு தீர்ப்பு சொல்ல மாட்டாரு, வாங்க கஸ்டமர் கிட்டப் போய் பார்த்துட்டு வரலாம்னு கூட்டிட்டுப் போவாரு, வந்ததும் படம் வரைய வைப்பாரு, அதைத் திரும்ப கஸ்டமர் கிட்ட காட்ட வைப்பாரு. கையைப் பிடிச்சு சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுக்கிற மாதிரி. அந்த ஒன்பது, அப்புறம் அறுபத்து சொச்சம், அப்புறம் நூத்துக்கணக்குன்னு போச்சு.

இதே முறையில பெங்களூருல இருந்த இன்ட்யூட் டீம் ஒண்ணு விவசாயிங்க கூட வாரக்கணக்குல சுத்தினாங்க, வயல், வீடு, மண்டின்னு. கணக்கு சாஃப்ட்வேர் கம்பெனி போனா கணக்கெழுத ஏதாவது கொடுப்பாங்கன்னுதான நினைப்போம். அவங்க பார்த்த வலி வேற, விளைஞ்ச காய் அழுகிறதுக்குள்ள நல்ல விலைக்குப் போக மாட்டேங்குது, எந்த மண்டியில என்ன விலைன்னு தெரியாமலே லோடு ஏத்திட்டுப் போறாங்க. அதனால பண்ணது எஸ்எம்எஸ்ல மார்க்கெட் விலை சொல்ற ஒரு சேவை. சாதா போன்லயே வந்துச்சு. ஆபீஸ்ல உட்கார்ந்து யோசிச்சிருந்தா இது வந்திருக்கவே வந்திருக்காது.

இங்க சிலருக்கு ஒரு சந்தேகம் வரும், இது தனியார் கம்பெனிக்கு ஓகே, கவர்மென்ட் ஆபீஸ் மாதிரி பெரிய இடத்துல எல்லாம் நடக்குமான்னு. நடந்திருக்கு. பிரிட்டன்ல 2011ல கவர்மென்ட் டிஜிட்டல் சர்வீஸ்னு ஒரு டீம் ஆரம்பிச்சாங்க. டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்ட்டா சிதறிக் கிடந்த வெப்சைட்டுங்களை ஒரே இடத்துக்குக் கொண்டு வர்ற வேலை, 2012 அக்டோபர்ல அந்த ஒரே சைட் வந்துச்சு. அவங்க ஆரம்பத்துல எழுதின டிசைன் கொள்கையில முதல் வரியே தேவையில இருந்து ஆரம்பிங்கன்னு சொல்லுச்சு, கூடவே ஒரு குட்டி குறிப்பு, தேவைன்னா மக்களோட தேவை, அரசாங்கத்தோட தேவை இல்லைன்னு. அதை எழுதி வெக்க வேண்டியிருந்துச்சுங்கிறதே பாதி கதையைச் சொல்லிடுது.

அவங்க டீமுங்களுக்கு ஒரு கணக்கு வெச்சிருந்தாங்க, டீம்ல இருக்கிற ஒவ்வொருத்தரும் ஆறு வாரத்துக்கு குறைஞ்சது ரெண்டு மணி நேரமாவது உண்மையான யூசர் அந்த சேவையை ஓட்டுறதை நேர்ல பார்த்திருக்கணும். ஒவ்வொருத்தரும்னா டெவலப்பர், டெஸ்டர், டிபார்ட்மென்ட் அதிகாரி எல்லாரும். ரிசர்ச் பண்றவங்க போய்ப் பார்த்துட்டு வந்து ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தா போதாதான்னு கேட்டா, போதாது, ஏன்னா ரிப்போர்ட்டை யாரும் படிக்க மாட்டாங்க, படிச்சாலும் நம்ப மாட்டாங்க. கண்ணால பார்த்தவன் கிட்ட வாதாட வேண்டியதில்லை. 2014ல வந்த அவங்க சர்வீஸ் தரக் கட்டுப்பாட்டுல 26 அம்சம் இருந்துச்சு, கடைசி அம்சம் என்ன தெரியுமா, அந்தத் துறை மந்திரியையே உட்கார வெச்சு சேவையை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஓட்டிப் பார்க்க வைக்கணும். நம்ம ஊர்ல இதைக் கொண்டு வந்தா எப்படி இருக்கும்னு ஒரு நிமிஷம் கண்ணை மூடி யோசிச்சுப் பார்த்தேன், சிரிப்பு வந்துடுச்சு.

கூட்டா பண்றதுங்கிற பாதி இருக்குல்ல, அதோட வேர் இன்னும் பழசு. 1970கள்ல நார்வேயில இரும்புத் தொழிலாளர் சங்கம், தொழிற்சாலைக்குள்ள கம்ப்யூட்டர் வருது, எங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்காம எங்க வேலையை மாத்துவீங்களான்னு எழுந்தாங்க, கிறிஸ்டன் நிகார்ட்னு ஒரு கம்ப்யூட்டர் விஞ்ஞானி அவங்க கூட சேர்ந்து வேலை பார்த்தாரு. 1981ல ஸ்காண்டிநேவிய அச்சுத் தொழிலாளர் சங்கங்களோட சேர்ந்து யூட்டோபியான்னு ஒரு திட்டம் நடந்துச்சு, பத்திரிகைப் பக்கம் கம்போஸ் பண்ற, அதாவது எழுத்தையும் படத்தையும் அடுக்கிப் பக்கம் அமைக்கிற வேலைக்கு புது கருவி எப்படி இருக்கணும்னு தொழிலாளியும் ஆராய்ச்சியாளரும் ஒண்ணா உட்கார்ந்து யோசிக்கிற திட்டம். அப்போ அந்த மாதிரி மெஷின் கைக்கு வரலை, அதனால அட்டைப்பெட்டியை எடுத்து வெச்சு அதுமேல லேசர் பிரின்டர்னு எழுதி, இது இங்க இருந்தா நீ எப்படி வேலை பார்ப்பேன்னு நடிச்சுப் பார்த்தாங்க. காகிதத்துலயும் அட்டையிலயும் பண்ணதால ஒரு நன்மை, கம்போசிட்டர் கையில கத்தரிக்கோல் எடுத்து அவரே வெட்டி ஒட்டி மாத்தலாம், கோட் எழுதத் தெரியணும்னு அவசியம் இல்லை. இன்னைக்கும் பேப்பர்ல வரைஞ்சு காட்டுறதுக்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியலை. பளபளன்னு முடிச்ச ஸ்கிரீனைக் காட்டினா கடைக்காரர் "சூப்பர் தம்பி"ன்னு சொல்லிடுவாரு, பாவம் கஷ்டப்பட்டுப் பண்ணியிருக்கானேன்னு. பென்சில் கிறுக்கலைக் காட்டினாத்தான் "இது எதுக்கு தம்பி இங்க, தூக்கு"ன்னு உரிமையா சொல்வாரு.

சரி, நம்ம ஆபீஸ்ல ஆரம்பிக்கணும்னா எங்க இருந்து? மேனேஜ்மென்ட் கிட்டப் போய் டிசைன் கலாச்சாரத்தை மாத்தணும்னு ஆரம்பிச்சீங்கன்னா அன்னையோட சரி. வெறும் ஒரு புகாரை எடுங்க, திரும்பத் திரும்ப வர்ற புகாரா, பணம் எங்கேயோ கசியற புகாரா இருந்தா இன்னும் நல்லது. மூணு பேர் போங்க, மூணும் வேற வேற டிபார்ட்மென்டா இருக்கணும், அதுல ஒருத்தர் கண்டிப்பா அதைச் சரி பண்ற கையா இருக்கணும். மூணுக்கு மேல போனா கடைக்காரருக்கு ரெய்டு வந்த மாதிரி இருக்கும். பார்க்கிறதுக்கும் போட்டோ எடுக்கிறதுக்கும் அனுமதி கேட்டுக்கோங்க, மருந்துச்சீட்டு, பேங்க் பேப்பர் மாதிரி அடுத்தவங்க பேர் இருக்கிற எதையும் படம் பிடிக்காதீங்க. அங்க போய் என்ன வேணும்னு கேட்காதீங்க, நேத்து இந்த வேலையை எப்படிப் பண்ணீங்க, கொஞ்சம் காட்டுங்கன்னு கேளுங்க. நேத்துன்னு கேட்டா உண்மை வரும், பொதுவா எப்படிப் பண்ணுவீங்கன்னு கேட்டா எப்படிப் பண்ணணுமோ அது வரும். மானிட்டர்ல ஒட்டியிருக்கிற சீட்டு, பக்கத்துல இருக்கிற நோட்டு, கால்குலேட்டர், இதெல்லாம் உங்க சாஃப்ட்வேர்ல இருக்கிற ஓட்டையோட வரைபடம், அதை முதல்ல பாருங்க.

வெளியில வந்ததும் டீக்கடையிலயே உட்கார்ந்து மூணு பேரும் தனித்தனியா பார்த்ததை எழுதிடணும், பேசறதுக்கு முன்னாடியே. பேசிட்டு எழுதினா சீனியர் என்ன பார்த்தாரோ அதைத்தான் எல்லாரும் பார்த்திருப்பாங்க.

இன்னொரு குழி இருக்கு. கஸ்டமர்னு நாம சொல்ற ஆள் யாரு? எங்களுக்குப் பணம் கட்டுறது கடை ஓனர், சாஃப்ட்வேரை ஓட்டுறது கவுண்டர்ல நிக்கிற பையன். ஓனரைக் கேட்டா எல்லாம் நல்லாத்தான் போகுதுன்னு சொல்வாரு, ஏன்னா அந்தப் பையனோட நோட்டு அவரைக் காப்பாத்திட்டு இருக்கு. ஜிஇ கம்பெனியில எம்ஆர்ஐ மெஷின் டிசைன் பண்ணிட்டு இருந்த டக் டீட்ஸ்னு ஒருத்தர், தான் பண்ண மெஷினைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனப்போ ஒரு சின்னப் பொண்ணு அதைப் பார்த்து பயந்து அழுதுச்சாம். மெஷினை வாங்குறது ஆஸ்பத்திரி, உள்ள படுக்கிறது குழந்தை. ஆடாம படுக்கணும்னு நிறைய குழந்தைங்களுக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருந்துச்சு. அவரு மெஷினோட உள்பாகத்தைத் தொடலை, ஆஸ்பத்திரி ஆட்கள், குழந்தைங்களோட பழகுறவங்கன்னு பல பேரைச் சேர்த்துக்கிட்டு, அந்த ரூமையே கடற்கொள்ளையர் கப்பல் மாதிரி ஒரு கதையாக்கி, பிட்ஸ்பர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரியில வெச்சாங்க. மயக்க மருந்து தேவைப்பட்ட குழந்தைங்க எண்ணிக்கை நல்லாவே குறைஞ்சுது. வாங்குறவர் வேற, யூஸ் பண்றவர் வேறன்னு ஒரு பேப்பர்ல ரெண்டு பேரையும் எழுதி வெச்சாலே பாதி குழப்பம் தீரும்.

ஆபீஸ் அரசியல் பத்தியும் சொல்லணும், இதை யாரும் எழுத மாட்டேங்கிறாங்க. எங்க சேல்ஸ் அண்ணன் முதல்ல ரொம்ப முறைச்சாரு, "என் கடைக்கு நீங்க போய் ஏதாவது உளறி வெச்சா அடுத்த வருஷம் ரினீவல் யார் வாங்குறது"ன்னு. நியாயமான பயம். அவரையே கூட்டிட்டுப் போனோம், அறிமுகம் அவர்தான் பண்ணி வெச்சாரு, அப்புறம் அவரே "அடுத்து எந்தக் கடை தம்பி"ன்னு கேட்க ஆரம்பிச்சாரு. சப்போர்ட்காரங்களை யாருமே டிசைன் மீட்டிங்குக்குக் கூப்பிட்டதே இல்லை, கூப்பிட்டப்போ முதல் ரெண்டு மீட்டிங் பேசவே இல்லை, மூணாவதுல ஒரு பொண்ணு திறந்த வாய் மூடலை, அவ்வளவு சரக்கு. மேனேஜருக்கு செலவுதான் கண்ணுல பட்டுச்சு, அவர் கிட்ட கலாச்சாரம் பத்திப் பேசாம, அந்த ஒரு புகாருக்கு மாசம் எத்தனை போன் வந்துச்சு, சரி பண்ணதுக்கப்புறம் எத்தனைன்னு ஒரே ஒரு பேப்பரைக் கொடுத்தோம்.

சுவர்ல ஒட்டுற குட்டிச் சீட்டு, அந்த ஸ்டிக்கி நோட் விஷயத்துல மட்டும் உஷாரா இருங்க. கஸ்டமரையே பார்க்காம ஏசி ரூம்ல கலர் கலரா ஒட்டிட்டு, கஸ்டமர் இப்படி நினைப்பாரு, அப்படி ஃபீல் பண்ணுவாருன்னு எழுதுற ஒர்க்‌ஷாப் நிறைய நடக்குது. போட்டோவுக்கு நல்லாருக்கும். நானும் நடத்தியிருக்கேன், சமோசாவும் கொடுத்திருக்கேன். அதுல வந்த ஐடியா ஒண்ணு கூட உருப்படலை, ஏன்னா எங்க கற்பனையை எங்களுக்கே காட்டிக்கிட்டோம். ஐபிஎம்னு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில இதுக்கு ஒரு வழி வெச்சாங்க, ஸ்பான்சர் யூசர்னு உண்மையான யூசர் சிலரை ப்ராஜெக்ட் முழுக்க டீமோட ஆள் மாதிரியே வெச்சுக்கிறது, அப்பப்போ செஞ்சதைப் போட்டுக் காட்டி, அவங்க முகம் கோணினா அங்கேயே நிறுத்துறது. சின்ன கம்பெனிக்கு ரெண்டு கடைக்காரர், ஒரு வாட்ஸ்அப் குரூப் போதும். ஆனா சத்தம் போடுற கஸ்டமரையே திரும்பத் திரும்பப் பிடிக்காதீங்க, அமைதியா நோட்டு போட்டு சமாளிக்கிறவங்க உங்களுக்கு போன் பண்ணவே மாட்டாங்க.

எல்லாம் சொன்னேன்ல, எங்க கம்பெனியில ஆறு மாசம் நல்லா ஓடி அப்புறம் நின்னு போச்சு. ஜிஎஸ்டி மாற்றம் ஒண்ணு வந்துச்சு, ரிலீஸ் நெருக்கடி, இந்த வாரம் வேண்டாம் அடுத்த வாரம் போலாம்னு தள்ளித் தள்ளி நாலு மாசம் யாரும் எந்தக் கடைக்கும் போகலை. யாரும் நிறுத்தணும்னு முடிவெடுக்கலை, தானா நின்னுச்சு. அப்புறம் டெவலப்பர்தான் ஆரம்பிச்சாரு, நான் இல்லை. நேர்ல போக நேரமில்லைன்னா வியாழக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் சப்போர்ட் பக்கத்துல உட்கார்ந்து போனைக் கேட்போம்னு. அது காலண்டர்ல ஏறினதும் பழைய பழக்கம் மெதுவா திரும்ப வந்துச்சு, மாசத்துக்கு ஒரு கடை.

போன மாசம் அந்த முதல் கடைக்கே திரும்பப் போனோம். பையன் உதிரி மாத்திரையை எல்லாம் இப்போ கம்ப்யூட்டர்லயே போடுறான், கால்குலேட்டரைக் காணோம். நீள நோட்டு மட்டும் அதே இடத்துல இருந்துச்சு. "இன்னும் எதுக்குப்பா இது"ன்னு கேட்டேன். பிரிச்சுக் காட்டினான், பக்கம் பக்கமா தெரு பேரும் தொகையும், மாசா மாசம் சுகர் மாத்திரை கடனுக்கு வாங்கிட்டு பென்ஷன் வந்ததும் கட்டுற பெரியவங்க கணக்கு. டெவலப்பர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டாரு.